பக்கத்துக்குப் பொருத்து

வியாழன்தோறும் பதினொன்றே முக்கால் வாக்கில்
எத்திராஜுலு வருவார்,
பல்லாவரம் ஸ்டேஷன் படியிறங்கி
நேரே என் ஜெராக்ஸ் கடைக்கு.
குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம்
குழாய் வரைபடம் போட்டவர்.
முதல் நாளே என் வாசலைச் செருப்பால் தட்டி
"இதுக்குக் கீழே பன்னிரண்டு அங்குலம், வார்ப்பிரும்பு,
வெள்ளைக்காரன் போட்டது" என்றார்.
யார் தோண்டிப் பார்ப்பது.

அவருக்கு வேண்டியது இரண்டு பிரிண்ட்.
தாளில் ஒன்று: தாம்பரத்திலிருந்து பூந்தமல்லி வரை,
ஏரிகள் நீலத்தில்.
கண்ணாடி ஷீட்டில் ஒன்று:
பெரு நாட்டுப் பாலைவனத்தில்
எவனோ கல்லைப் பொறுக்கி ஒதுக்கி
வானத்துக்குக் காட்டிவிட்டுப் போன குரங்கு.

குரங்கு முழுசாக வேண்டாம், வால் போதும்.
ஷீட்டை வரைபடத்தின் மேல் வைத்து
தூங்குகிற பிள்ளையை நகர்த்துவதுபோல் நகர்த்துவார்.
முதல் சுருள் கீழ்க்கட்டளை ஏரி.
அடுத்தது பல்லாவரம் பெரிய ஏரி.
நுனி போய் உட்காரும்
குன்றத்தூர்ப் பக்கத்துக் கல்வட்டத்தில்,
செத்தவர்களைச் சுற்றிப் பாறை நட்ட இடத்தில்.
"பார்த்தியா பர்வீன்" என்பார்.
பார்த்தேன். உட்காரத்தான் செய்தது.

குரங்குக்கு முன்னால் சிலந்தி.
எட்டுக் காலில் ஆறு
மொகஞ்சதாரோ சாக்கடையோடு ஒத்துப்போனது.
மிச்சம் இரண்டும் இன்னும் தோண்டாத பக்கமாம்.
"உலகம் உருண்டை, உங்க தாள் தட்டை" என்றான் என் மகன் அப்சல்,
ஒன்பதாவது படிக்கிறவன்.
அவனுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தந்து
"குழாயும்தான் உருண்டை,
தட்டையாத்தானே வரைஞ்சோம்" என்றார்.

"கோலம் மாதிரின்னு மட்டும் சொல்லாதே,
எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.
இது தண்ணி போற வழி.
காஞ்ச ஊர்க்காரன் வேற எதை வரைவான்?"
லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் போட்டு
ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்திருந்தவள் நான்.
அதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

ஐப்பசியில், கடையில் ஈ இல்லாத ஒரு மழைநாள்,
மெஷின் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடி ஷீட் தட்டுக்கு மட்டும்
'பக்கத்துக்குப் பொருத்து' என்பதில் ஒரு டிக்.
மூன்று வருஷமாகச் சிலந்தியையும் குரங்கையும்
நூற்றுக்கு நான்கு பங்கு சுருக்கியே கொடுத்திருக்கிறேன்.

வியாழன் வந்தது.
டிக்கை எடுத்துவிட்டு அடித்தேன். சொல்லவில்லை.
வைத்தார். நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வால்நுனி கல்வட்டத்தைத் தாண்டி
ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் நின்றது.
ஏசி மண்டபம், கார் நிறுத்த வசதி உண்டு.
வெளியே இரண்டு மின்சார ரயில் போயின.
"அப்படின்னா" என்றார்,
"மண்டபத்துக்கு அடியிலே இருக்கு."

அடுத்த வாரம் ஆளில்லை.
அதற்கடுத்த வாரம் பட்டுக்கரை வேட்டி,
கையில் தாம்பூலப் பை.
யார் வீட்டுக் கல்யாணம் சார்?
"தெரியலை. வாசல்ல பூவுல எழுதியிருந்தது, படிக்கலை.
மூணாவது பந்தி. காலால தட்டிப் பார்த்தேன்.
வெத்துச் சத்தம் வருது பர்வீன்."
தேங்காயை எடுத்து என் மேஜையில் வைத்தார்,
ஆதாரம் மாதிரி.

தையில் கேபிள்காரர்கள் என் வாசலைத் தோண்டினார்கள்.
இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது.
துருவேறிய பழைய குழாய்,
ஒரு முனை உடைந்து வாய் திறந்து.
உள்ளே ஈரம் இல்லை.
அவசரத்துக்கு ஸ்கேல் கையில் அகப்படவில்லை.
ஒரு ஏ4 தாளை உருவிக்கொண்டு குழியில் குனிந்து
குழாய் வாயின் குறுக்கே நீளவாக்கில் பிடித்தேன்.
ஒரு பென்சில் கனம் போதவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.